தொங்கு தொட்டிக்குத் தண்ணீர்: ஒரு வருடம் வாங்கிப் பார்த்ததில் தேறியதும் பரணுக்குப் போனதும்

போன வருடம் கத்திரி தொடங்கும்போது என் பால்கனியில் பதினொரு தொங்கு தொட்டிகள் இருந்தன. முடியும்போது ஒன்பது. போன இரண்டில் ஒன்று பெட்டூனியா, அதை விடுங்கள், அது மார்கழி தையில் பூத்துவிட்டுப் போகிற செடி, திருச்சி மே மாதத்தில் அது பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம். இன்னொன்று மூன்று வருடமாக வளர்த்த பாஸ்டன் ஃபெர்ன். அதற்கு ஒரு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குவளை குவளையாக. அப்படியும் போய்விட்டதே என்ற கடுப்பில்தான் ஒரு வருடமாக ஆன்லைனிலும் கடைத்தெருவிலும் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். எது காசுக்குத் தகும், எது தகாது என்று எழுதிவைத்தால் யாருக்காவது மிச்சமாகும்.

முதலில் என் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஒருவருக்குச் சரியாக வருவது இன்னொருவருக்கு வராது. ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. எங்களுக்கு மேலே மொட்டைமாடி, அங்கே தண்ணீர் டேங்க். பால்கனியில் வாஷிங் மெஷினுக்காக ஒரு குழாய் இருக்கிறது, அதில் வருவது போர் தண்ணீர். தொட்டிகள் தொங்குவது ஏழு அடி உயரத்தில். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். இடது தோள்பட்டை இரண்டு வருடமாக இறுகிப்போய் இருக்கிறது, கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உயிர் போகும். கீழ் வீட்டில் ஒரு மாமி, அவர் பால்கனிக் கொடியில் எப்போதும் ஒன்பது கஜம் காய்ந்துகொண்டிருக்கும். "ஏம்மா, நீ செடிக்கு விடறியா, இல்ல என் புடவைக்கு விடறியா?" என்று மாமி கேட்காத வாரம் கிடையாது. ஆக எனக்கு மூன்று கணக்கு: செடி பிழைக்க வேண்டும், தோள் வலிக்கக் கூடாது, மாமி கத்தக் கூடாது.

செத்துப்போன ஃபெர்னைத் தொட்டியோடு கவிழ்த்துப் பார்த்த அன்றுதான் எனக்கு விஷயம் பாதி புரிந்தது. மேலே இரண்டு விரல் கனத்துக்கு ஈரம். ஓரத்தில் தேங்காய் நார் விரிப்பும் ஈரம். நடுவில் இருந்த கோகோபீட் கட்டி பொரி உருண்டை மாதிரி, தட்டினால் தூள் பறக்கிறது. கோகோபீட் ஒரு தடவை எலும்பாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகிக்கொள்கிறது, அப்புறம் தண்ணீரையும் சுலபத்தில் உள்ளே விடுவதில்லை. ஊற்றுகிற தண்ணீர் அந்த ஓர இடுக்கு வழியாக வழுக்கிக்கொண்டு நேராகக் கீழே இறங்குகிறது. கீழே சொட்டுவதைப் பார்த்து நாமும் "போதும், நிறைந்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறோம். அதாவது நான் மூன்று மாதம் ஸ்டூல் ஏறி ஊற்றியது மாமியின் புடவைக்குத்தான். அவர் சொன்னது சரி.

மீதிப் பாதி புரிந்தது பழைய பேப்பர்காரர் வந்தபோது. அவருடைய டிஜிட்டல் தொங்கு தராசைப் பார்த்ததும் ஒரு யோசனை, ஒரு மணி பிளான்ட் தொட்டியைக் கழற்றி அதில் மாட்டச் சொன்னேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் மாட்டினார். காய்ந்த நிலையில் 2.4 கிலோ. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குவளையால் ஊற்றினேன். 2.7 கிலோ. ஒன்றரை லிட்டர் ஊற்றியதில் 300 கிராம்தான் உள்ளே தங்கியிருக்கிறது! அதே தொட்டியை வாளியில் முக்கி கால் மணி நேரம் வைத்து, எடுத்து வடியவிட்டு நிறுத்தபோது 4.6. அன்று மாலையே ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுப்பார்களே, அந்த லக்கேஜ் தராசு ஒன்று 260 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தக் கட்டுரையில் நான் புகழ்ந்து சொல்லப்போகிற முதல் சாமான் அதுதான், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராது. இதன் பிறகு வந்த ஒவ்வொரு சாமானையும் அதில் மாட்டித்தான் மார்க் போட்டேன்.

பிரஷர் ஸ்பிரேயர். கையால் பம்ப் அடிக்கிற இரண்டு லிட்டர் ரகம், 340 ரூபாய். விளம்பரப் படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே தொங்கு தொட்டிக்கு அடிப்பாள். இரண்டு லிட்டர் நிரம்பினால் அதுவே இரண்டரை கிலோ, அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து விசையை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும், எனக்கு இரண்டாவது தொட்டியிலேயே சிரிப்பு போய்விட்டது. வருவது பனிப்புகை. இலை பளபளவென்று ஆகும், பார்க்கக் கோயில் தோரணம் மாதிரி அழகாக இருக்கும், தராசில் மாட்டினால் 40 கிராம். செடிக்கு முகம் கழுவ, பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்க நல்ல சாமான், அதற்காகவே வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்ற வாங்காதீர்கள். இதில் இன்னொரு ஆபத்து, இலை நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டில் இருக்கிற மற்றவர்கள் "இன்னைக்கு ஊத்தியாச்சு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் ஒரு டர்ட்டில் வைனைச் சாகக் கிடத்தினார்.

ஹோஸ் முனையில் மாட்டுகிற நீளக் கம்பி. இரண்டடி நீள அலுமினியக் குழாய், நுனி வளைந்து பூவாளித் தலை மாதிரி இருக்கும், பிடியில் கட்டைவிரலால் தள்ளுகிற திருகு. 620 ரூபாய். வந்த அன்று நம் ஊர் அரை இஞ்ச் குழாயில் இதன் மரை உட்காரவில்லை, ஹார்டுவேர் கடையில் 45 ரூபாய்க்கு ஒரு பித்தளை அடாப்டரும் ஒரு கிளிப்பும் வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. வாங்குபவர்கள் முதலிலேயே தங்கள் குழாயைப் போட்டோ எடுத்துக் கடையில் காட்டிவிடுங்கள். மற்றபடி எனக்குப் பிடித்த சாமான். கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை, நுனி தானே தொட்டிக்கு மேல் போய் வளைந்து நிற்கிறது. டேங்க் எங்கள் தலைக்கு மேலேயே இருப்பதால் அழுத்தம் குறைவு, வருவது தூறல். அந்தத் தூறல் நல்லதுதான், மண்ணைப் பறிக்காது. தரைத்தளத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில் இதே சாமான் திறந்தவுடன் சீறிக்கொண்டு போய் டேபிள் ரோஸ் தொட்டியில் பள்ளம் தோண்டிவிட்டது, அவள் பாதித் திருகுதான் திறக்கிறாள்.

ஆனால் தராசு என்ன சொல்கிறது என்றால், நேற்று ஈரமாக இருந்த தொட்டிக்கு இது அருமை, ஒரு நிமிடத் தூறலில் முக்கால் கிலோ ஏறுகிறது. நன்றாகக் காய்ந்துபோன தொட்டிக்கு இதுவும் குவளைக்கு அண்ணன்தான், பெரும்பாலும் கீழே போய்விடும். அதற்கு ஒரு வழி உண்டு: எல்லாத் தொட்டிக்கும் கொஞ்சம் காட்டிவிட்டு வந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி முதலிலிருந்து. முதல் சுற்று கோகோபீட்டை இளக்கிவிடுகிறது, இரண்டாவது சுற்றில்தான் அது குடிக்கிறது. ரொம்ப முரண்டு பிடிக்கிற தொட்டிக்கு நான் இரண்டு பூந்திக்கொட்டையை ஒரு குவளை தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, அதை இன்னும் நான்கு பங்கு தண்ணீரில் கலந்து முதலில் ஊற்றுகிறேன். நுரை தண்ணீரை இளக்கிவிடுவதால் ஒட்டாத இடத்திலும் ஒட்டுகிறது. தலைக்குத் தேய்க்க ஊறவைக்கும் அன்று செடிக்கும் சேர்த்து ஊறவைத்தால் ஆயிற்று.

தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி. செல்ஃப் வாட்டரிங் என்று விற்கிறார்கள். இரட்டை அடுக்கு பிளாஸ்டிக், அடியில் தண்ணீர் நிற்கும் கிண்ணம், திரி வழியாக மேலே ஏறும், பக்கத்தில் சிவப்பு மிதவை ஒன்று அளவு காட்டும். ஒன்று 280 வீதம் மூன்று வாங்கினேன். செடியை மாற்றி நட்ட முதல் மூன்று வாரம் வேர் கீழே இறங்குகிற வரை மேலேதான் ஊற்ற வேண்டும், இதை எந்த அட்டையிலும் எழுதியிருக்கவில்லை, நான் கிண்ணத்தை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்ததில் ஒரு ஸ்பைடர் பிளான்ட் வாடித் தொங்கிவிட்டது. பிழைத்த பிறகு மறுக்காமல் சொல்ல வேண்டும், செடி கொழுகொழுவென்று வந்தது. கோடையில்கூட நான்கு நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். கீழே சொட்டு விழாது, மாமிக்குப் பரம திருப்தி.

இரண்டு குறை. ஒன்று, போர் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கி, மண்ணின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை படியும், மாதம் ஒரு முறையாவது கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மேலே நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அலச வேண்டும். இரண்டாவது பெரிய குறை, கொசு. ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி நிழலில் நிற்கும் சுத்தமான தண்ணீர் என்றால் அவ்வளவு பிரியம், முட்டை கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். ஐப்பசி மழையில் மாநகராட்சி டெங்கு ஒழிப்புப் பணியாளர் ஒரு அம்மா வந்து, ஃப்ரிட்ஜ் பின்பக்கத் தட்டையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் டார்ச்சை இந்த மிதவை ஓட்டைக்குள் அடித்தார். உள்ளே புழு நெளிகிறது. எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரே கொட்டிவிட்டு, "கொட்டினா மட்டும் பத்தாதுக்கா, உள்பக்கம் பிரஷ் போட்டுத் தேய்ங்க, முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சாலும் சாகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது வாரம் ஒரு முறை தேய்க்கிறேன், மிதவை ஓட்டையில் பழைய கொசுவலைத் துண்டைச் செருகியிருக்கிறேன். மழைக்காலத்தில் கிண்ணத்தையே கழற்றி வைத்துவிடுவது உத்தமம்.

சொட்டுநீர் கிட்டும் டைமரும். என் பணம் அதிகம் போனது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே புலம்புகிறேன். இருபது தொட்டிக்கான கிட் 850 ரூபாய்: 4 மில்லிமீட்டர் டியூப் பதினைந்து மீட்டர், திருகி அளவு மாற்றுகிற சொட்டுவான்கள், டி மூட்டுகள், கிளிப்புகள். பேட்டரி டைமர் தனியாக 2,300. டியூபைக் கூரை ஓரமாகக் கொண்டுபோய் ஒவ்வொரு தொட்டிக் கம்பியோடும் ஒட்டி இறக்குவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. டியூப் மூட்டில் ஏறவே ஏறாது, வெந்நீரில் அரை நிமிடம் நுனியை நனைத்தால் வெண்ணெய் மாதிரி ஏறும், இதைத் தெரிந்துகொள்வதற்குள் கட்டைவிரல் கன்றிவிட்டது.

இரவு டைமர் வைத்தேன். காலையில் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் திறந்தது, மூடவில்லை, பால்கனி வெள்ளம், கீழே மாமி. விற்றவர்களுக்குப் போன் செய்தால் பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அதேதான். கடைசியில் விவசாயப் பைப் விற்கிற கடைக்காரர் ஒருவர்தான் டைமரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். டைமரில் இரண்டு ரகம் உண்டாம். ஒன்று சொலினாய்டு வால்வு, அதற்குள் இருக்கிற ரப்பர் சவ்வு தண்ணீரின் அழுத்தத்தை வைத்துக்கொண்டுதான் திறக்கவும் மூடவும் செய்யும். இன்னொன்று பால் வால்வு, அதில் சின்ன மோட்டார் உருண்டையைத் திருப்பிவிடும், அழுத்தமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருந்தால்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் டேங்கின் அடி பால்கனிக் குழாயிலிருந்து நான்கு மீட்டர்தான், ஆக 0.4. அதிலும் குழாயிலிருந்து தொட்டி உயரத்துக்குத் தண்ணீர் ஒன்றரை மீட்டர் ஏறியாக வேண்டும், சொட்டுவான் வரை போய்ச் சேர்வது 0.25. நான் வாங்கியது சொலினாய்டு ரகம். மேல் மாடியில் இருப்பவர்கள் டைமர் வாங்கினால் பால் வால்வு என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "பிரஷர் காம்பென்சேட்டிங்" சொட்டுவான் என்று கூடுதல் விலைக்கு விற்பதும் இந்த அழுத்தத்துக்கு எழுந்திருக்காது, சாதாரணத் திருகு ரகமே போதும்.

சரி, டைமரைக் கழற்றிவிட்டுக் கையால் குழாயைத் திறந்து மூடினேன். அப்போது தராசில் மெதுவாக ஊறுவதன் அருமை தெரிந்தது, ஒரு மணி நேரம் சொட்டினால் காய்ந்த தொட்டிகூட ஒரு கிலோவுக்கு மேல் குடிக்கிறது. கத்திரியில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேல் தாராபாத்திரம் கட்டுவார்களே, ஓட்டையிலிருந்து பகல் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும், அந்த மாதிரி. ஆனால் என் ஒன்பது தொட்டியும் ஒரே உயரத்தில் இல்லை. குழாயை மூடிய பிறகு டியூபில் நிற்கிற தண்ணீர் முழுக்க ஆகத் தாழ்வாக இருக்கிற தொட்டியின் வழியாக வடிந்துவிடுகிறது. ஓரத்தில் இருந்த என் டேபிள் ரோஸ் பாவம், தினமும் மற்றவர்கள் பங்கையும் சேர்த்துக் குடித்து அழுகிவிட்டது. எல்லாவற்றையும் சங்கிலி போட்டு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சமன் ஆனது. ஆறே வாரத்தில் போர் தண்ணீர் உப்பு சொட்டுவானை அடைத்தது, கழற்றி வினிகரில் ஒரு இரவு ஊறப்போட வேண்டும், ஒன்பதையும். காவிரித் தண்ணீர் இணைப்பு உள்ள குழாயும், போதிய அழுத்தமும், ஒரே உயரத் தொட்டிகளும் உள்ளவர்களுக்கு இது சொர்க்கம். எனக்கு முதல் இரண்டும் இல்லை.

நடுவில் செலவில்லாத சிலவற்றையும் பார்த்தேன். ஐஸ் கட்டி வைப்பது: எட்டு கட்டி உருகினால் 150 மில்லி, எங்கள் ஊர் வெயிலுக்குக் காபிக்குக்கூடப் பத்தாது. தலைகீழ் பாட்டில்: ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியில் ஊசித் துளை போட்டு, அடிப்பக்கம் மேலே வருகிற மாதிரி மண்ணில் குத்தி, அடியில் காற்றுப் போக இன்னொரு சின்னத் துளை, அவ்வளவுதான். காற்றுத் துளை இல்லாவிட்டால் சொட்டாது, பெரிதாகிவிட்டால் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும், அந்த நிதானம் வர நான்கு பாட்டில் வீணானது. வேலை செய்கிறது, ஆனால் வெயிலில் உள்ளே பாசி பிடித்துப் பச்சையாகி, அழகுக்குத் தொங்கவிட்ட செடியின் நடுவில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி ஒரு பாட்டில் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசியாக, கப்பி. கிருஷ்ண ஜெயந்திக்கு எங்கள் பக்கம் உறியடி நடக்கும். ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பையன்கள் எட்டும்போதெல்லாம் உறியைச் சரேலென்று மேலே இழுப்பார், சலித்துப்போய் நிற்கும்போது கீழே விடுவார். நான் கூட்டத்தில் நின்றுகொண்டு பார்க்கிறேன், உறி இறங்குகிறது, ஏறுகிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை நாளாகத் தண்ணீரை மேலே கொண்டுபோகப் படாத பாடு படுகிறேனே, தொட்டியைக் கீழே கொண்டுவந்தால் என்ன?

இதற்கும் இரண்டு ரகம் வாங்கிப் பார்த்தேன். ஆன்லைனில் தானே பூட்டிக்கொள்ளும் கப்பிக் கொக்கி விற்கிறார்கள், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கூடு, உள்ளே சுருள் கயிறு. இரண்டு 450 ரூபாய். தொட்டியை அடியில் கை கொடுத்து லேசாகத் தூக்கினால் பூட்டு விடும், அப்படியே கீழே இழுத்துக்கொண்டு வரலாம், வேண்டிய இடத்தில் மறுபடி லேசாகத் தூக்கினால் டக்கென்று நிற்கும். பெட்டியில் பத்து கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது, என் பெரிய தொட்டி முழு ஈரத்தில் ஏழு கிலோ, ஆறு மாதமாகத் தாங்குகிறது. ஆனால் அந்த முதல் "லேசாகத் தூக்குவது" ஏழடி உயரத்தில் அல்லவா, என் உயரத்துக்கும் தோளுக்கும் அதுவே சிரமம். உயரமானவர்களுக்கு முழு மார்க் தருவேன்.

எனக்கு வாய்த்தது காந்தி மார்க்கெட் பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கிய பழைய முறை இரும்புக் கப்பி. ஒன்றரை இஞ்ச் சக்கரம், ஒன்று 70 ரூபாய். கூரையில் ஏற்கனவே தொட்டி தொங்கிய கொக்கியிலேயே கப்பியை மாட்டி, அதன் வழியாக நைலான் கயிறு, கயிற்றின் மறுமுனை ஜன்னல் பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் அடித்த இரட்டைக் கொம்புக் கொக்கியில் எட்டு போட்டுச் சுற்றுவது. கயிற்றோடு எல்லாம் சேர்த்து ஒரு தொட்டிக்கு 140 ரூபாய்க்குள் முடிந்தது. ஒன்று கவனியுங்கள், இந்த ஏற்பாட்டில் கூரைக் கொக்கி தாங்குவது தொட்டியின் எடையைப் போல இரண்டு பங்கு, ஏனென்றால் கயிற்றின் இரண்டு பக்கமும் அதைத்தான் இழுக்கிறது. ஐந்து கிலோத் தொட்டிக்குப் பத்து கிலோ. பிளாஸ்டிக் பிளக்கில் திருகிய கொக்கியை நம்பாதீர்கள், கான்கிரீட்டில் இரும்பு ஆங்கர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். நைலான் கயிறு மேற்கு வெயிலில் ஒரு வருடத்தில் பிசிர் விடும், விட்டால் அன்றே மாற்றுங்கள், தலைக்கு மேல் தொங்குகிற சமாசாரம்.

இப்போது நடப்பது இதுதான். ஞாயிறு காலை ஒவ்வொன்றாக இறக்கி, பாதி நிரப்பிய வாளிக்குள் உட்காரவைக்கிறேன். முதலில் கப்பல் மாதிரி மிதக்கும், ஒரு கையால் அழுத்திப் பிடித்தால் குபுகுபுவென்று குமிழ் வரும், குமிழ் வருவது நின்றால் நடுக்கட்டி வரை ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். கால் மணி நேரம் ஆகும். பிறகு வாளியின் மேல் குறுக்கே இரண்டு கட்டை வைத்து அதில் உட்காரவைத்து வடியவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து ஏற்றிவிடுகிறேன். வடிகிற தண்ணீர் வாளிக்கே போகிறது, மாமியின் கொடிக்கு ஒரு சொட்டு இல்லை. நடு வாரத்தில் கம்பித் தூறல், கத்திரியில் தினம், மற்ற மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். டேபிள் ரோஸ் மாதிரி சதைப்பற்றுள்ள செடிகளை இப்படி முக்குவதில்லை, அவற்றுக்குத் தூறலே அதிகம். எதிலாவது வேரழுகல் மாதிரி சந்தேகம் இருந்தால் அதைக் கடைசியில், தனித் தண்ணீரில் முக்குங்கள், ஒரே வாளியில் ஒன்பதும் முங்கினால் ஒன்றின் நோய் ஒன்பதுக்கும் வரும்.

இறக்கிப் பார்ப்பதில் நான் எதிர்பார்க்காத லாபம், தொட்டியைக் கண் மட்டத்தில் பார்க்கிறோம். மேலே தொங்கும்போது தெரிவது அடிப்பக்கமும் தொங்குகிற இலையும்தான். முதல் தடவை இறக்கியபோது ஒன்றில் மாவுப்பூச்சி குடும்பத்தோடு இருந்தது, இன்னொன்றில் தவிட்டுக்குருவி கட்டிப் பாதியில் விட்டுப்போன கூடு. பக்கம் காய்ந்துபோவதைக் குறைக்க நார் விரிப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் பால் கவரை விரித்து அடியில் நான்கு ஓட்டை போட்டதும் இப்படி இறக்கி வைத்த ஒரு நாளில்தான், அதற்குப் பிறகு நார்த் தொட்டிகள் ஒரு நாள் கூடுதலாகத் தாங்குகின்றன. வெறும் கோகோபீட்டில் நட்டிருந்ததை மாற்றி, செம்மண்ணும் மண்புழு உரமும் ஆளுக்குப் பாதியாகக் கலந்து ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு என்று வைத்தேன். கொஞ்சம் கனம்தான், ஆனால் காய்ந்தாலும் முரண்டு பிடிப்பதில்லை.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஐந்து நாள் கும்பகோணம் போனபோது டைமரும் இல்லை, பாட்டிலும் இல்லை, எல்லாவற்றையும் இறக்கி, குளியலறையில் வெளிச்சம் வருகிற பக்கம் இரண்டு பெரிய டப்பில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு அதில் வரிசையாக வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் பச்சையாக இருந்தன, டப்பில் தண்ணீர் வற்றியிருந்தது. வீட்டில் ஆள் இருக்கும்போது குளிப்பதுதான் பிரச்சினை.

ஆக, யாராவது என்னிடம் கேட்டால் முதலில் லக்கேஜ் தராசு, அப்புறம் கப்பி, பால்கனியில் குழாய் இருந்தால் அந்த நீளக் கம்பி. மொத்தம் இரண்டாயிரத்து இருநூறுக்குள் ஒன்பது தொட்டிக்கு முடிந்துவிடும். ஸ்டூலை நான் மாமி வீட்டுக்கே கொடுத்துவிட்டேன், பூஜை அலமாரியின் மேல் தட்டுத் துடைக்க வேண்டுமென்று கேட்டார். சொலினாய்டு டைமர் இன்னும் பெட்டியோடு பரணில் இருக்கிறது, இரண்டு நாள்தான் ஓடியது. தரைத்தளத்தில், நல்ல அழுத்தம் வருகிற குழாய் உள்ளவர்கள் யாராவது பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாக இருந்தால் சொல்லுங்கள், புது பேட்டரி போட்டே தருகிறேன்.